குடில் மலரும் கடைமடைச் சுண்ணாம்பும்

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி நம் இல்லங்களுக்கு வந்துசேரும் வாழ்த்து அட்டைகளில், மணியோடும் மெழுகுதிரியோடும் செந்நிற மலர் ஒன்று தவறாது இடம்பெற்றிருக்கக் காண்கிறோம். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழிப் பனியில் அது விண்மீன் விரிந்தாற்போல் பூத்து நிற்பதை நம்மில் பலர் கண்டு மகிழ்ந்திருப்போம். பாயின்செட்டியா என்பது அதன் பெயர். நாம் அதன் இதழ்கள் என்று எண்ணி வியப்பவை உண்மையில் இதழ்கள் அல்ல. நடுவே சிறு மணிகளின் கொத்துப்போல் மஞ்சளாகத் தெரிபவையே அதன் பூக்கள். அவற்றைச் சூழ்ந்து சிவந்து நிற்பவை நிறம் மாறிய இலைகள். தாவர நூலார் அவற்றைப் பூவடிச்செதில்கள் என்பர். இச்சிறு உண்மையை நாம் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் சொல்லவிருக்கும் செய்தி முழுவதும் இதனையே பற்றி நிற்கிறது.

குளிர்நாடுகளில் இச்செடியைக் கண்ணாடி வீடுகளில் தொட்டிகளில் வளர்க்கின்றனர். கோடையில் வேர்பிடித்த செடி நவம்பர் இறுதியில் அங்காடிக்குச் சென்றாக வேண்டும். எல்லாம் செவ்வனே நடந்து, செடி முற்றச் சிவந்து நிற்கும் கடைசிச் சில வாரங்களில், செந்நிற விளிம்புகளில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்பு கருகும். அவ்வளவு போதும், பல மாத உழைப்பு விலைபோகாது. திருவிழா கழிந்தபின் அம்மலரைத் தேடி வருவோரும் இல்லை. இக்கேட்டுக்குக் காரணம் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் குறையே. வியப்பு என்னவெனில், தொட்டி மண்ணில் கால்சியம் நிறைந்திருக்கும்போதே இக்குறை நேருகிறது. நிறைந்திருந்தும் ஏன் எட்டவில்லை என்பதை மனிதர் கண்டறிந்த வரலாற்றையே இங்கு நாம் நோக்க விழைகிறோம்.

மலைச்சரிவிலிருந்து திருப்பீடத்துக்கு

பாயின்செட்டியாவின் தாயகம் மெக்சிகோ நாட்டின் பசிபிக் கடலை நோக்கிய மலைச்சரிவுகளும், அதனை அடுத்த குவாத்தமாலாவும் ஆகும். அங்கு அது தொட்டிச் செடியன்று. ஆள் உயரத்தையும் கடந்து வளரும் காட்டுப் புதர். அசுத்தேக் மக்கள் தங்கள் நாவாத்துல் மொழியில் அதனைக் குயெத்லாசோசித்ல் என்று அழைத்தனர். அதன் சிவந்த இலைகளிலிருந்து சாயம் எடுத்தனர். அதன் பாலைக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் அம்மக்களின் வாழ்வையும் வழக்குகளையும் அவர்கள் மொழியிலேயே தொகுத்தளித்த பிரான்சிஸ்கு சபைத் துறவி பெர்னார்தினோ தே சகாகுன் அவர்களது நூலில் இம்மலரின் பெயர் காணப்படுகிறது.

17ஆம் நூற்றாண்டில் தாஸ்கோ நகர்ப்புறத்தில் பணியாற்றிய பிரான்சிஸ்கு சபையினர், டிசம்பரில் தாமாகவே சிவக்கும் இக்கிளைகளைக் குடில் பவனிகளில் பயன்படுத்தத் தொடங்கினர் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை தர ஏதுமற்ற ஏழைச் சிறுமி ஒருத்தி வழியோரத்துக் களைகளைக் கட்டிக் கொணர்ந்து பீடத்தின் முன் வைக்க, அவை செம்மலர்களாக மாறின என்ற கதையையும் மெக்சிகோ நாட்டு மக்கள் சொல்லி மகிழ்வர். கிறிஸ்து பிறந்த இரவின் மலர் என்று பொருள்படும் பெயரையே இன்றளவும் அங்கு அதற்கு வழங்குகின்றனர்.

உலகம் அறிந்த பெயரோ வேறொருவருடையது. ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் என்பவர் 1825ஆம் ஆண்டில் மெக்சிகோவுக்கான அமெரிக்காவின் முதல் தூதராக அமர்ந்தார். அந்நாட்டு அரசியலில் அவர் அளவு மீறித் தலையிட்டதால், அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு மெக்சிகோ அரசே கேட்க நேர்ந்தது. தாவர ஆர்வலரான அவர் அங்கிருந்து அனுப்பிய செடி, 1829ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரின் மலர்க்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. ராபர்ட் புயிஸ்ட் என்னும் தோட்டக்காரர் அதனை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுசென்றார். எடின்பரோவில் பேராசிரியராயிருந்த ராபர்ட் கிரகாம் 1836ஆம் ஆண்டில் அதற்குப் பாயின்செட்டின் பெயரைச் சூட்டினார். ஆயின் அதற்கு முன்பே, 1834இல், ஜெர்மானிய அறிஞர்கள் வழங்கிய யூபோர்பியா புல்கெரிமா என்ற பெயர் அச்சேறிவிட்டது. புல்கெரிமா என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பேரழகு வாய்ந்தது என்று பொருள். அறிவியல் பெயராக இன்றும் நிலைத்திருப்பது அதுவே.

பாயின்செட் 1851ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மறைந்தார். அந்நாளே அமெரிக்காவில் இம்மலருக்குரிய நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதே நாள் குவாதலூப்பே அன்னையின் திருநாளாகவும் அமைந்திருப்பது நம் கவனத்துக்குரியது. மலரை எடுத்துச் சென்றவரையும், அம்மலரைப் பெயர் சூட்டி வளர்த்த மக்களின் அன்னையையும் நாட்காட்டி ஒரே நாளில் இணைத்திருக்கிறது.

திறந்த வெளியிலிருந்து கண்ணாடிக் கூரைக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆல்பர்ட் எக்கே என்பவரின் குடும்பம் கலிபோர்னியாவில் இம்மலரைச் சாலையோரங்களில் விற்கத் தொடங்கியது. அவர் மகன் பால் எக்கே 1923ஆம் ஆண்டில் என்சினிட்டாஸ் என்னும் கடலோர ஊரில் வயல்கள் வாங்கி, தாய்ச்செடிகளைத் திறந்த வெளியில் பயிரிட்டார். அச்செடிகள் வேரோடு தோண்டப்பெற்று, தொடர்வண்டியில் நாடெங்கும் சென்றன. அந்நாளைய மலர் வீட்டுக்கு வந்த சில நாள்களிலேயே இலைகளை உதிர்த்துவிடும் இயல்பினது.

1960களில் நிலைமை மாறிற்று. ஒகையோ மாநிலத்து மிக்கெல்சன் நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட பால் மிக்கெல்சன் என்னும் வகை, இலை உதிராமல் பல வாரங்கள் நின்றது. நார்வே நாட்டு ஹெக் என்பவரது தோட்டத்திலிருந்து, கிளைத்துப் படரும் அன்னெட் ஹெக் வகை அதே பத்தாண்டில் வந்தது. ஜெர்மனியின் குட்பியர் தோட்டத்து வகைகள் பின்தொடர்ந்தன. தாய்ச்செடிகளும் வயல்களை விட்டுக் கண்ணாடிக் கூரையின் கீழ்ப் புகுந்தன. காற்று வீசும் மலைச்சரிவில் பிறந்த புதர், காற்று அடங்கிய அறையில் ஒரு சாண் தொட்டிக்குள் குடியேறியது. மழையும் மண்ணும் காற்றும் அதற்குச் செய்துவந்த பணிகளையெல்லாம் இனி மனிதர் செய்தாக வேண்டியதாயிற்று. கால்சியத்தை ஊட்டும் பணியும் அவற்றுள் ஒன்று.

உயிரணுக்களைப் பிணைக்கும் சாந்து

கால்சியம் செடிக்குச் செய்யும் பணி யாது? நம் முன்னோர் எழுப்பிய பழைய ஆலயங்களின் சுவர்களை நினைவுகூர்வோம். சுட்ட சுண்ணாம்போடு மணலும் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தே அங்குச் செங்கல்லைச் செங்கல்லோடு பிணைத்து நிற்கிறது. செடியின் உடலிலும் ஏறக்குறைய அப்படியே. ஓர் உயிரணுவின் சுவருக்கும் அடுத்ததன் சுவருக்கும் இடையே பெக்டின் என்னும் பசை உண்டு. கால்சியம் அப்பசையோடு சேர்ந்து அதனை இறுகச் செய்கிறது. உயிரணுவைப் போர்த்தியுள்ள மென்படலம் கசியாமல் காப்பதும் அதுவே. கால்சியம் குறைந்தால் சாந்து உதிர்ந்த சுவர்போல் திசு தளரும், சாறு கசியும், விளிம்பு கருகும்.

இவ்வறிவு ஒரு நாளில் வந்ததன்று. ஹம்ப்ரி டேவி 1808ஆம் ஆண்டில் சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைத் தனிமமாகப் பிரித்தெடுத்தார். ஜெர்மனியின் கார்ல் ஸ்ப்ரெங்கலும், அவரைத் தொடர்ந்து யூஸ்டஸ் லீபிக்கும், செடிக்கு வேண்டிய சத்துகளுள் எது மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் அளவை முடிவு செய்யும் என்ற விதியை நிறுவினர். 1860களில் சாக்ஸ், க்னோப் ஆகிய இருவரும் மண்ணே இன்றி நீரில் செடி வளர்த்துக் காட்டினர். க்னோப் அமைத்த சத்துக் கரைசலில் கால்சியம் நைட்ரேட் முதன்மையான உப்பாக இருந்தது. 1905ஆம் ஆண்டில் நார்வே நாட்டினர் பிர்க்கெலாந்தும் ஐடேயும் கண்ட முறைப்படி, காற்றிலுள்ள நைட்ரசனையும் சுண்ணாம்புக் கல்லையும் கொண்டு அவ்வுப்பைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினர். அன்னெட் ஹெக் மலரைத் தந்த அதே நாடு, அம்மலருக்கு வேண்டிய உரத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துவைத்திருந்தது.

ஆயினும் லீபிக் வழிவந்த விதி பாயின்செட்டியா வளர்ப்போருக்கு அரைப் பாடமாகவே அமைந்தது. மண்ணில் எது குறைவு என்று பார்க்க அவ்விதி கற்பித்தது. மண்ணில் உள்ளது இலையின் விளிம்புவரை சென்றடைகிறதா என்று பார்க்க அது கற்பிக்கவில்லை.

புதிய மண், புதிய உரம்

பழங்காலத் தோட்டக்காரர்கள் தொட்டிகளில் வயல் மண்ணைக் கலந்தே இட்டனர். அம்மண்ணிலும் பாய்ச்சிய கிணற்று நீரிலும் சுண்ணாம்பு இயல்பாகவே இருந்தது. 1960களில், கார்னெல் பல்கலைக்கழகத்தார் வகுத்த கலவையைப் போன்ற மண்ணில்லாக் கலவைகள் பரவின. பீட் எனப்படும் சதுப்புநில மக்கோடு, சூட்டில் பொரித்த கனிமத் துகள்களைச் சேர்த்த கலவை அது. எடை குறைவு, நோய் குறைவு, எங்கும் ஒரே தரம் என்ற நன்மைகள் அதற்கு உண்டு. ஆனால் பீட் புளிப்புத் தன்மை கொண்டது. கால்சியம் அதில் மிகச் சொற்பம். சுண்ணாம்புக் கல் தூளோ, மக்னீசியமும் கலந்த டோலமைட் தூளோ அளந்து சேர்த்தாலன்றிச் செடி தழைக்காது.

உரமும் மாறிற்று. நீரில் முழுதும் கரையும் கலப்பு உரங்கள் வந்தன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் நூற்றுக்கு இருபது வீதம் கொண்ட உரம் பெரிதும் விரும்பப்பட்டது. அதில் கால்சியம் அறவே இல்லை; இருக்கவும் முடியாது. செறிந்த கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் இரண்டும் கல்லாய் உறைந்து அடியில் படியும். இக்காரணத்தாலேயே தோட்டங்களில் கால்சியம் நைட்ரேட்டைத் தனித் தொட்டியில் கரைத்து வைக்கின்றனர். அன்றியும், அக்கலப்பு உரங்களில் தழைச்சத்தின் பெரும்பகுதி அம்மோனியமாகவும் யூரியாவாகவும் இருந்தது. அம்மோனியம் வேரின் வாயிலில் கால்சியத்தோடு போட்டியிட்டு அதன் நுழைவைக் குறைக்கும். செடியும் தழைதழைவென்று கொழுத்து வளரும். பார்வைக்கு வளம், உள்ளே சாந்து குறைந்த சுவர்.

புளோரிடாவில் கிடைத்த விடை

1980களில் குட்பியர் வி-14 குளோரி என்னும் வகை அமெரிக்காவில் பெரிதும் பரவியது. பெரிய, ஒளிரும் செதில்களைக் கொண்ட வகை அது. விளிம்பு கருகுதலும் அதில்தான் மிகுந்து காணப்பட்டது. கருகிய விளிம்பில் பொட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூசணம் விரைவில் குடியேறும். காண்போர் பூசணமே காரணம் என்று எண்ணி மருந்து தெளிப்பது இயல்பு. பூசணமோ, இடிந்த சுவரின் வழியே பின்னர் நுழைந்த திருடன்.

புளோரிடா பல்கலைக்கழகத்தின் நெல், பேரட் என்னும் ஆய்வாளர்கள், தழைச்சத்தில் அம்மோனியத்தின் பங்கு மிகும்போது கருகுதலும் மிகுவதை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே பல்கலைக்கழகத்தின் வோல்ட்ஸ், ஹார்பா ஆகிய இருவரும், விளிம்பு கருகுதலின் அடிப்படைக் காரணம் கால்சியக் குறையே என்று 1986ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர்.

இதன் நுட்பத்தை நாம் சற்று நின்று காண வேண்டும். செடியில் சத்துகள் செல்ல இரு பாதைகள் உண்டு. வேரிலிருந்து மேலேறும் நீரோட்டம் ஒன்று. இலை சமைத்த உணவை எல்லாத் திசைகளுக்கும் கொண்டுசெல்லும் ஓட்டம் மற்றொன்று. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இரு பாதைகளிலும் செல்லும். ஓரிடத்தில் குறைந்தால் மற்றோர் இடத்திலிருந்து பெயர்ந்து வந்து ஈடுசெய்யும். கால்சியமோ மேலேறும் நீரோடு மட்டுமே செல்லும். ஓர் இலையில் ஒருமுறை தங்கிவிட்டால் அங்கிருந்து பெயராது. அந்நீரை மேலே இழுப்பது எது? இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறுவதுதான். எந்த இலை மிகுதியாக நீரை ஆவியாக்குகிறதோ, அதற்கே மிகுதியான கால்சியம் கிட்டும்.

பூவடிச்செதில்களில் இத்துளைகள் பச்சை இலைகளைவிட மிகக் குறைவு. கீழே அகன்று விரிந்த பச்சை இலைகள் நீரையும் அதனோடு வந்த கால்சியத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளும். உச்சியில் கடைசியாக விரிந்து, விரைந்து வளரும் செந்நிறச் செதிலுக்கு எஞ்சியதே எட்டும். அதன் விளிம்புக்கோ அதுவும் எட்டாது. நம் காவிரிப் படுகை உழவர்கள் இதனை ஒரே சொல்லில் புரிந்துகொள்வர். அணை நிரம்பியிருக்கும், தலைமடையில் நீர் தளும்பும், கடைமடையில் பயிர் வாடும். சிவந்த செதிலின் விளிம்பு அச்செடியின் கடைமடை. பச்சை இலையைப் பறித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் கால்சியம் போதுமானது என்றே விடை வரும். தலைமடையில் அளந்த நீர் கடைமடையின் நிலையைச் சொல்லாது.

குளிர்நாட்டு நவம்பரோ மேகம் மூடிய மாதம். வெளியே பனி, உள்ளே வெப்பத்தைக் காக்கச் சாளரங்கள் அடைக்கப்பட்டிருக்கும். காற்றில் ஈரம் நிறையும். ஈரம் நிறைந்த காற்றில் நீர் ஆவியாகாது. ஆவியாகாதபோது நீரோட்டம் தளரும். நீரோட்டம் தளர்ந்தால் கால்சியம் ஏறாது. எந்த வாரங்களில் செதிலுக்கு அது மிக வேண்டுமோ, அவ்வாரங்களிலேயே வழி அடைபட்டு நிற்கிறது.

காக்கும் வழிகள்

காரணம் தெளிந்தபின் வழிகளும் தெளிந்தன. நடும் கலவையில் சுண்ணாம்புத் தூளை அளந்து சேர்த்து, கார அமில நிலையை ஏறத்தாழ 6ஐ ஒட்டி வைப்பது முதல் வழி. பாய்ச்சும் நீரிலுள்ள கால்சியத்தை முன்னரே சோதித்தறிந்து, குறைவை ஈடுசெய்யுமாறு கால்சியம் நைட்ரேட் கலந்து, கரைசலில் பத்து இலட்சத்துக்கு 100 முதல் 150 பங்கு கால்சியம் இருக்கச் செய்வது அடுத்தது. மக்னீசியமும் உடன் வேண்டும். ஒன்று மிதமிஞ்சினால் மற்றதன் வரவு குறையுமாதலால் இரண்டையும் ஒத்த விகிதத்தில் தருவர். பருவத்தின் பிற்பகுதியில் அம்மோனியத்தைக் குறைத்து நைட்ரேட்டை மிகுப்பர். செதில்கள் சிவந்து முடியும் நாள்களில் உரத்தின் அளவையே தணிப்பர். உப்பு மிகுந்த மண்ணில் வேர் நீரை எடுக்க இயலாது. தொட்டி முற்றக் காய்ந்துபோகவும் விடார்.

வேர் வழி எட்டாததை நேரே கொடுத்துவிடும் வழியும் உண்டு. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராம் தூய கால்சியம் குளோரைடைக் கரைத்தால், பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 400 பங்கு கால்சியம் அமையும். செதில்கள் நிறம் கொள்ளத் தொடங்கும் நாள் முதல் வாரம் ஒருமுறை இதனைத் தெளிப்பர். காலையில் தெளித்தால் மாலைக்குள் ஈரம் உலர்ந்துவிடும். அளவு மீறினால் அவ்வுப்பே விளிம்பைச் சுடும். ஆகவே அளவில் கண்டிப்பு வேண்டும். தாய்ச்செடிகளின் இளந்தளிர்களுக்கும் இவ்வாறே தெளிப்பர். கால்சியம் குறைந்த தளிரிலிருந்து வெட்டிய தண்டுத் துண்டு, வேர்பிடிக்குமுன்பே விளிம்பு அழுகக் காண்பர்.

இவையனைத்தினும் எளியதும் மறக்கக்கூடாததுமான வழி வேறொன்று. பொழுது சாயும் வேளையில் கூரைச் சாளரங்களைச் சற்றே திறந்து, உள்ளே வெப்பமும் ஊட்டுவர். ஈரக் காற்று மேலேறி வெளியேறும். உலர்ந்த காற்று உள்ளே வரும். செடிகளை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விடுவர். விசிறிகளால் காற்றை உலவச் செய்வர். எரிபொருள் செலவை அஞ்சிச் சாளரத்தை மூடி வைப்போர், அச்செலவைக் காட்டிலும் பெரிய இழப்பைத் திருவருகைக் காலத்தில் சந்திக்க நேரும்.

எக்கே குடும்பத்தார் 2012ஆம் ஆண்டில் தங்கள் மலர்த் தொழிலை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டனர். அதற்கு முன்பே தாய்ச்செடித் தோட்டங்கள் கலிபோர்னியாவை விட்டுக் குவாத்தமாலா போன்ற வெப்ப நாடுகளுக்குப் பெயர்ந்திருந்தன. மலர் ஒரு பெரும் சுற்றுச் சுற்றித் தன் தாயகத்தின் அருகே மீண்டிருக்கிறது. ஆயினும் அது இனி மலைச்சரிவின் காட்டுப் புதர் அன்று. அதன் வேருக்குச் சுண்ணாம்பும் இலைக்குக் காற்றும் மனிதரே அளந்து தர வேண்டும்.

இம்மலரின் வரலாறு நமக்கு விட்டுச் செல்லும் சிந்தனை ஒன்று உண்டு. ஓரிடத்தில் வாட்டத்தைக் கண்டதும் இன்னும் மிகுதியாக ஊற்றுவதே நம் முதல் எண்ணமாக இருக்கிறது. உரத்தை மேலும் ஊற்றியபோது விளிம்பு மேலும் கருகியதைத் தோட்டங்கள் கண்டன. தலைமடையில் உள்ளோர் முதலில் அருந்துவர்; எந்த ஈவும் கடைசியில் விரிந்த விளிம்பைச் சென்றடைய இடையிலுள்ள வழி திறந்திருக்க வேண்டும். இல்லத்திலும் ஊரிலும் திருச்சபையிலும் நாம் பகிர்ந்தளிப்பவற்றைக் களஞ்சியத்தில் நின்று அளந்து மனநிறைவு கொள்கிறோமா, கடைமடைக்கு நடந்து சென்று பார்க்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது தகும். இவ்வாண்டு குடிலின் அருகே அச்செம்மலரைக் காணும்போது, அதன் நடுவை மட்டும் கண்டு மகிழாமல் விளிம்பையும் நோக்குவோம். அது வாடாமல் சிவந்திருக்கிறதெனில், எங்கோ ஒரு தோட்டத்தில் யாரோ ஒருவர் மாலைதோறும் மறவாமல் சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறார்.